பாயு செலாத்தானில் ஏறிய கொட்டகலைக்காரன்

இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே கல்லுமலைத் தோட்டத்தில் பிரதாப்பைப் பற்றி விசாரித்தால், அவன் முகத்தைவிட உள்ளங்காலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறோம் என்பார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் பதிந்த நாளிலிருந்து அவனுக்கு வாய்த்த வேலை மரம் கழிப்பது. தேயிலைக்கு நிழல் கொடுக்கும் சவுக்கு மரங்களைப் பெருமழைக்கு முன்னால் கிளை வெட்டி விட வேண்டும். இடுப்பில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு கத்தி, வெறுங்கால். அவ்வளவுதான் அவனுடைய ஆயுதம். கீழே கொழுந்து எடுக்கும் பெண்கள் கொப்பு விழும் திசை பார்த்து ஒதுங்கிக்கொண்டே அண்ணாந்து பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தவர்களில் ஒருத்திதான் ஜீவராணி. பார்த்ததோடு நிற்காமல், "கொப்ப எங்க தலையில போடத்தான் மேல ஏறுனீங்களா?" என்று கேட்கவும் செய்தாள். அடுத்த ஆடி கழிந்ததும் இருவருக்கும் கல்யாணம் நடந்தது.

தோட்டத்து வேலையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாமல் போனபோது, பள்ளிக்கூடக் கூட்டாளி மதுரன் அவனை டவர் வேலைக்குக் கூட்டிப் போனான். மலைநாடு முழுக்கத் தொலைபேசிக் கோபுரங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. பூண்டுலோயா, மஸ்கெலியா, கந்தப்பளை என்று ஒவ்வொரு குன்றின் உச்சியிலும் ஓர் இரும்புக் கோபுரம். வர்ணம் அடிக்க வேண்டும், கருவி பூட்ட வேண்டும், துருப்பிடித்ததைக் கழற்ற வேண்டும். மதுரன் வாயாடி. பிரதாப் பேசாதவன். மேலே ஒருவன் பேசிக்கொண்டே இருப்பான், மற்றவன் கேட்டுக்கொண்டே வேலை செய்வான். ஏழெட்டு வருடம் அப்படியே ஓடியது.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில், மழை விட்ட ஒரு காலையில், மதுரன் கால் வைத்த இரும்புப் படி கழன்று வந்தது. பாதுகாப்புக் கொக்கியை ஓரிடத்திலிருந்து எடுத்து அடுத்த இடத்தில் மாட்டப் போன அந்தச் சின்ன இடைவெளியில்தான் அது நடந்தது. பிரதாப்பின் தோளை உரசிக்கொண்டு அவன் கீழே போனான். சரிவில் அடர்ந்திருந்த புதர்தான் அவன் உயிரைக் காப்பாற்றியது. இடுப்பெலும்பும் வலது காலும் நொறுங்கின. மேலே பிரதாப் கோபுரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். வேறு ஆட்கள் ஏறி வந்து விரல் விரலாகப் பிரித்துத்தான் அவனை இறக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு பிரதாப் எங்கேயும் ஏறவில்லை. ஓர் ஆட்டோ எடுத்துக் கொட்டகலை ரயில் நிலையத்து முன்னால் நிறுத்தினான். யார் கேட்டாலும் முழங்கால் சரியில்லை என்பான். பெற்றோல் தட்டுப்பாட்டு வருடத்தில் வரிசையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிடந்தானே தவிர, மரம் கழிக்கக் கூப்பிட்ட தோட்ட மேற்பார்வையாளர் கண்டாக்கையாவுக்கும் அதே முழங்காலைத்தான் காட்டினான். ஜீவராணிக்கு மட்டும் விஷயம் தெரியும். வரிசை வீடுகளான லயத்தின் கூரையில் தகரம் பெயர்ந்து மழை ஒழுகியபோது, அவன் ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடப் போனான். அவள் கீழே பாத்திரத்தை வைத்து ஒழுகும் தண்ணீரைப் பிடித்தாள்.

மதுரன் பிழைத்து, ஊன்றுகோலுடன் நடந்து, கொட்டகலைக் கடைவீதியில் போன் திருத்தும் கடை போட்டான். இரண்டாயிரத்து இருபத்துநாலு தைப்பொங்கல் கழிந்த வாரம், அவன் கடையைப் பூட்டிவிட்டு விந்தி விந்தி ஆட்டோ நிறுத்தத்துக்கு வந்தான்.

"நிமல் அய்யா போன் பண்ணுனாரு. கொழும்பு ஹாபருக்குப் பெரிய பாய்மரக் கப்பல் ஒன்னு வந்து நிக்குதாம். மேல ஏறி வேலை செய்ய ஆள் வேணுமாம். ஒன் பேரக் குடுத்துட்டேன்" என்றான். நிமல், அவர்கள் இருவருக்கும் டவர் வேலையில் மேலாளாக இருந்தவர். இப்போது துறைமுகத்தில் ஒப்பந்தம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"யாரையும் கேக்கல."

"எனக்கு முழங்கால் சரியில்லைன்னு ஒனக்குத் தெரியும்ல."

மதுரன் அவனுடைய முழங்காலைப் பார்த்தான். "முழங்கால் கெட்டவன் எப்பிடி நடப்பான்னு எனக்குத் தெரியும்டா" என்றான். "போ. விழுந்தது நானு. நானே தூங்குறேன், நீ தூங்க மாட்டேங்குற. இது நல்லா இல்ல."

வீட்டில் சொன்னபோது ஜீவராணி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "போய்ப் பாருங்க. ஏற முடியலைன்னா கீழ நின்னு வேலை செய்ங்க. அவ்வளவு பெரிய கப்பல்ல கீழ வேலையே இருக்காதா?"

அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அவன் ரயில் ஏறினான்.

கப்பலைப் பார்த்ததும் அவனுக்குப் பயத்துக்கு முன்னால் ஆச்சரியம்தான் வந்தது. துறைமுகத்தில் நின்ற மற்றக் கப்பல்களெல்லாம் பெட்டி பெட்டியாக அடுக்கிய தொழிற்சாலைகள் மாதிரி இருந்தன. இது வெள்ளை உடம்பும் மூன்று உயரமான பாய்மரங்களுமாக, யாரோ வழி தவறி இங்கே கொண்டுவந்து கட்டிவிட்டதுபோல நின்றது. மரத்துக்கு மரம், மரத்திலிருந்து தளத்துக்கு என்று எண்ணிலடங்காத கயிறுகள். முகப்பில் பெயர் எழுதியிருந்தது. நிமல் சிங்களத்தில் விளக்கினார்: மலேசியாவின் கடற்படைப் பயிற்சிக் கப்பல். இளம் அதிகாரிகளுக்குக் கடல் பழக்கும் கப்பல். ஆப்பிரிக்கக் கரைக்குப் போகும் வழியில், மரங்களைப் பிடித்து நிறுத்தும் பழைய கம்பிக் கயிறுகளை மாற்றிக்கொள்ள இங்கே தங்கியிருக்கிறது.

"பாயு செலாத்தான்" என்று பிரதாப் எழுத்துக் கூட்டிப் படித்தான். "பாயுன்னா என்ன, பாயுறதா?" என்று தனக்குத்தானே தமிழில் கேட்டுக்கொண்டான்.

"காத்து" என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. "மலாயில பாயுன்னா காத்து. செலாத்தான்னா தெக்கு. தெக்குக் காத்து."

கப்பலின் விளிம்பில் சாய்ந்துகொண்டு, சீருடையில் ஒரு பெண் நின்றாள். பிரதாப்பைவிட நாலைந்து வயது இளையவளாக இருக்கும். கையெல்லாம் தார்.

"தமிழாங்க?" என்றான்.

"தமிழ்தான் லா. தவமலர். சிலாங்கூர் பக்கம், ரப்பர் எஸ்டேட்டு. லயத்துல பொறந்தவ."

"லயமா?"

"ஏன்ணே, உங்க ஊர்ல வேற பேரா?"

"இல்லீங்க. நாங்களும் லயம்தான் சொல்றோம்."

அவள் இறங்கி வந்தாள். ஏதோ தொலைந்த சாமானைத் தேடுவதுபோல இருவரும் சொற்களை எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். பெரட்டு இரண்டு ஊரிலும் இருந்தது. கங்காணி இருந்தார். கண்டாக்கு அவளுக்குத் தெரியவில்லை. "எங்களுக்குக் கணக்கெழுதுற கிராணி, அப்புறம் தண்டல்" என்றாள்.

"தண்டல்னா?"

"ஆளுங்கள வேலை வாங்குறவரு. அந்தக் காலத்துக் கப்பல்லயும் அந்த வேலை பாக்குறவருக்கு அதே பேருதானாம். இப்ப இந்தக் கப்பல்ல முன்பாய்மரத்துக்கு நான்தான் தண்டல். நாளைக்குக் காலையில நீங்க என்கூட ஏறணும்."

மறுநாள் காலையில் ஏறினான். பாய்மரத்தின் இரு பக்கமும் கம்பிக் கயிறுகள் ஏணிபோலச் சாய்ந்திருந்தன. அவற்றின் குறுக்கே கயிற்றுப் படிகள். மரத்தின் நடுவில் பலகை மேடைபோல இருந்த முதல் தட்டு வரைக்கும் அதில் ஏறலாம். தண்ணீரைப் பார்க்காமல், தவமலரின் சப்பாத்துக் குதியை மட்டும் பார்த்துக்கொண்டு, அவன் தட்டு வரைக்கும் போய்விட்டான். அதற்கு மேலே போக மரத்திலேயே இரும்புப் படிகள் பதித்திருந்தார்கள். ஒன்றின்மேல் கையை வைத்தான். குளிர்ந்த இரும்பு, முனையில் கொஞ்சம் துரு. கை அங்கேயே நின்றுவிட்டது. தோளில் எதுவோ உரசிக்கொண்டு போனதுபோல இருந்தது.

"முழங்கால்" என்றான், எப்படியோ.

தவமலர் மேலேயிருந்து குனிந்து பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள். "சரிண்ணே. முழங்கால்தான். மெதுவா இறங்குங்க. கீழ வேலை நெறைய இருக்கு" என்றாள்.

கீழே உண்மையிலேயே வேலை நிறைய இருந்தது. புதிய கம்பிக் கயிறு ஒவ்வொன்றையும் உப்புக்காற்று தின்னாதபடி துணி சுற்றி, அதன்மேல் தார் தோய்த்த நூலை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். ஒரு கயிற்றுக்கு ஒரு நாள் போய்விடும். ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடிக்க, மற்றவர் மரச் சுத்தியல்போன்ற கருவியால் நூலை இறுக்கிச் சுற்றுவார். முதல் நாள் பிரதாப் சுற்றியது முழுவதையும் தவமலர் பிரித்து எறிந்தாள். இரண்டாம் நாளும் பாதியைப் பிரித்தாள். மூன்றாம் நாள் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டாள். அந்த நாட்களில்தான், கை வேலை செய்ய வாய் சும்மா இருக்கக் கூடாது என்று, அவள் அவனுக்குக் கப்பலின் கதையைச் சொன்னாள்.

கப்பலுக்கு முதலில் வைத்த பெயர் இதுவல்ல. பெரிய யுத்தம் முடிந்த சில வருடங்களில், வடக்கு ஐரோப்பாவில் ஓர் ஆற்றங்கரைப் பட்டறையில் அதைக் கட்டினார்கள். யுத்தத்தில் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு மாலுமித் தொழில் பழக்கும் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அது சொந்தமாக இருந்தது. குளிர்காலத்தில் கயிறெல்லாம் பனி உறைந்து கழிபோல நிற்குமாம். அதை அடித்து உதிர்த்துவிட்டுத்தான் பாயை விரிப்பார்களாம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கப்பல் தலைவர்களானார்கள். பிறகு காலம் மாறியது. பாய் கட்டத் தெரிந்தவன் யாருக்கும் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பாய்மரங்களைப் பிடுங்கி விற்றார்கள். உடம்பை மட்டும் ஒரு கரையில் கட்டிப் போட்டு, மேசை நாற்காலி போட்டு, மீன் பொரித்துக் கொடுக்கும் சாப்பாட்டுக் கடையாக ஆக்கினார்கள்.

"கடையா?" பிரதாப் நூலை விட்டுவிட்டான்.

"நம்பலையா? இங்க வாங்க." தளத்தின் நடுவில் ஓரிடத்தைக் காட்டினாள். அங்கே சில பலகைகள் மட்டும் வேறு நிறமாக, சதுரமாகப் பொருத்தியிருந்தன. "அடுப்புப் புகைபோக்கிக்கு ஓட்ட போட்ட எடம். மழை பேஞ்சா இன்னும் மீன் வாசம் வருதுன்னு எங்க சமையல்காரரு சொல்வாரு. பொய்தான். ஆனா புதுசா வர்றவங்க எல்லாரும் மோந்து பாப்பாங்க."

பிரதாப் மோந்து பார்க்கவில்லை. ஆனால் அவள் திரும்பிப் போன பிறகு குனிந்து பார்த்தான்.

மலேசியக் கடற்படை அதிகாரி ஒருவர் படிப்புக்காக அந்த நாட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையில் சாப்பிடப் போனார். சாப்பாடு வரத் தாமதமாயிற்று. கைகழுவப் போகிற சாக்கில் கீழ்த்தளத்துக்கு இறங்கிச் சுற்றிப் பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்குக்குக் கீழே இரும்புச் சட்டங்கள் எல்லாம் நேற்று அடித்ததுபோல இருந்தன. ஊருக்கு எழுதினார். ஊரில் சண்டையே நடந்தது. ஏவுகணைக் காலத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போவதா என்று பாதிப்பேர் சிரித்தார்கள். அவர் விடவில்லை. இயந்திரக் கப்பலில் ஒருவன் பொத்தானை அழுத்தினால் போதும், பாய்மரக் கப்பலில் ஒரு பாயை ஏற்ற இருபது பேர் ஒன்றாகச் சேர்ந்து இழுக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவன் யாரென்று அங்கேதான் தெரியும் என்று வாதாடினார். கடைசியில் வாங்கினார்கள். பெருங்கடல்களைத் தாண்டி இழுத்துவந்து, புதிதாக மூன்று மரங்கள் நட்டு, தெற்குக் காற்று என்று பெயர் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த நாட்டில் கடற்படை அதிகாரியாக வந்த ஒவ்வொருவரும் முதலில் வாந்தி எடுத்தது இந்தக் கப்பலில்தான் என்று தவமலர் பெருமையாகச் சொன்னாள். ஒருமுறை கிழக்குக் கரையில் பெருவெள்ளம் வந்தபோது, பயிற்சியை நிறுத்திவிட்டு, அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறது. பாய் விரித்த கப்பல் கரைக்கு வருவதைக் கண்டு, இது எந்தக் காலத்திலிருந்து வருகிறது என்று கிழவிகள் கேட்டார்களாம். பெண்களைப் பயிற்சிக்கு எடுத்தபோது வந்த ஆட்களில் அவளும் ஒருத்தி. எழுத்து வேலைதான் கிடைக்கும் என்று நினைத்துப் படையில் சேர்ந்தவளை இங்கே அனுப்பிவிட்டார்கள். ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் அம்மாவிடம், கப்பலில் ஆபீஸ் வேலை என்றுதான் இன்றுவரை சொல்லி வைத்திருக்கிறாள்.

"இப்ப கப்பலுக்கு வயசாயிருச்சுண்ணே" என்றாள் ஒரு நாள். "வேலை முடிஞ்சதும் பரிசோதகர் ஒருத்தர் வருவாரு. முன்பாய்மரத்தோட மேல்பாகம் மட்டும்தான் மரம், மத்ததெல்லாம் இரும்பு. அந்த மரத்துல வெடிப்பு இருக்கான்னு பாப்பாங்க. புதுக் கயிறு இழுவை தாங்குதான்னு பாப்பாங்க. சரின்னா இன்னும் பத்து வருசம் ஓடும். இல்லைன்னா ஊருக்குக் கொண்டுபோய்க் கட்டிப் போட்டு, டிக்கெட் வாங்கிப் பாக்குற சாமானா ஆக்கிருவாங்க."

அன்றைக்கு நல்ல காற்று. பிரதாப் சாப்பிட்ட கையோடு தளத்தில் படுத்து மேலே பார்த்தான். முன்பாய்மரத்தின் உச்சி மெல்ல இந்தப் பக்கம் போய், ஒரு கணம் நின்று, அந்தப் பக்கம் போனது. அவன் எழுந்து உட்கார்ந்தான். சவுக்கு மரம் இப்படித்தான் ஆடும். டவர் ஆடாது. எத்தனை வருடம் ஏறியும் டவரில் அவன் கால் அந்த ஆட்டத்தைத் தேடிக்கொண்டேதான் இருந்தது. மதுரனிடம்கூட அதை அவன் சொன்னதில்லை.

"தவமலர்" என்றான். "அந்த இரும்புப் படியத் தொடாம மேல போறதுக்கு வழி இருக்குங்களா?"

அவள் யோசித்தாள். "இருந்துச்சு. தட்டுக்கு மேலயும் ரெண்டு பக்கமும் கம்பிக் கயிறு போகுதுல்ல? முன்னாடி அதுல உச்சி வரைக்கும் கயிற்றுப் படி கட்டியிருந்தாங்க. இரும்புப் படி வந்ததும் அத அவுத்துட்டாங்க. திரும்பக் கட்டணும்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். ஆள் இல்ல."

"கட்டலாம்."

"கீழேருந்து ஒவ்வொரு படியாக் கட்டணும். கட்டுன படியில நின்னுதான் அடுத்தது கட்ட முடியும்."

"தெரியுதுங்க. கட்டலாம்."

கப்பல் தலைவரிடம் கேட்டு வந்தாள். மறுநாள் தட்டிலிருந்து ஆரம்பித்தார்கள். இரண்டு பேரும் இரண்டு பக்கம். கொக்கியை மாட்டி, கயிற்றை வெட்டி, கம்பியைச் சுற்றி முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, அதன்மேல் ஏறி நின்று, அடுத்தது. கொப்பைக் கட்டி இறக்கப் போடும் முடிச்சுக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஆனாலும் தவமலர் அவன் போட்ட முதல் படிகளை ஏறிவந்து உதைத்துப் பார்த்தாள். ஒன்று நழுவியது. "திரும்ப" என்றாள். திரும்பக் கட்டினான். அதற்குப் பிறகு நழுவவில்லை. அவன் தண்ணீரையும் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை. கண் முன்னால் ஒரு சாண் கயிறு மட்டும் இருந்தது. சாப்பிட இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள். அடுத்த நாளும் அப்படியே. மரம் ஆட ஆட, பாதம் தானாக வளைந்துகொடுத்தது. ஏதோ ஒரு நேரத்தில் அவன் அடுத்த படிக்காகக் கையை நீட்டினான். நீட்டிய இடத்தில் கம்பிகள் இரண்டும் மரத்தோடு சேர்ந்து முடிந்திருந்தன. அதற்கு மேலே ஒன்றும் இல்லை.

பக்கத்தில் மரம். உள்ளங்கையை வைத்துத் தடவினான். வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தது. கீழே கொழும்பு பரந்து கிடந்தது.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மதுரனுக்கு வீடியோ அழைப்புப் போட்டான். மதுரன் ஒரு கையில் யாருடையதோ போனைப் பிரித்து வைத்துக்கொண்டு எடுத்தான்.

"எங்கடா நிக்கிற? காத்துச் சத்தமா இருக்கு."

பிரதாப் போனைக் கீழ்நோக்கித் திருப்பிக் காட்டினான். மதுரன் பிரித்து வைத்திருந்த போனை மேசையில் வைத்தான்.

"கொக்கி மாட்டியிருக்கியா?" என்றான்.

"மாட்டியிருக்கேன்."

"காட்டு."

காட்டினான்.

"சரி. வேலையப் பாரு" என்று மதுரன் வைத்துவிட்டான். பிறகு கடையை அடைத்துவிட்டு, இருட்டும் வரைக்கும் கடைவீதியில் கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தானாம்.

அந்த வார இறுதியில் பொதுமக்கள் கப்பலைப் பார்க்கலாம் என்று விட்டார்கள். ஜீவராணி, மகள் சுலக்ஷனாவைக் கூட்டிக்கொண்டு முதல் ரயிலில் வந்திறங்கினாள். தவமலர் அவர்களைச் சமையலறைப் பக்கம் உட்கார வைத்து, டின்னில் வரும் இனிப்புப் பாலை ஊற்றி, டம்ளருக்கு டம்ளர் உயர்த்தி ஆற்றி ஒரு தேநீர் கொடுத்தாள். ஜீவராணி ஒரு வாய் குடித்துவிட்டு மரியாதைக்குப் பேசாமல் இருந்தாள். பிறகு முடியவில்லை.

"தேத்தூளு எங்க வாங்குனீங்க?"

"பையில வர்றதுதான்க்கா. நல்லா இல்லையா?"

"சீனி நல்லா இருக்கு" என்றாள் ஜீவராணி. தவமலர் வாய்விட்டுச் சிரித்தாள். ஜீவராணி கொண்டுவந்திருந்த தூளைப் போட்டு மறுபடி ஒருமுறை ஊற்றினார்கள். பிறகு இரண்டு பெண்களும் வேலையைப் பற்றிப் பேசினார்கள். பால் எடுக்க விடியும் முன்னே போக வேண்டும், மழை வந்தால் அன்றைய வேலை போச்சு என்றாள் ஒருத்தி. மழையோ வெயிலோ கூடையைத் தலையில் மாட்டத்தான் வேண்டும் என்றாள் மற்றவள். அட்டை இரண்டு ஊரிலும் கடித்தது. சுலக்ஷனா கப்பலின் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, போதும் என்று சொல்லும் வரைக்கும் படம் எடுக்க வைத்தாள்.

திரும்பிப் போகும்போது ஜீவராணி முன்பாய்மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "அந்த உச்சியிலயா?" என்றாள். "ஆமா." அவள் மேலே பார்த்தபடியே அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பரிசோதகர் வந்தார். ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. சின்னச் சுத்தியலால் மரத்தை இடம் இடமாகத் தட்டிக் கேட்டார். கம்பிகளைக் கருவி வைத்து இழுத்துப் பார்த்தார். மேலே போகப் புதுக் கயிற்றுப் படிகளில்தான் ஏறினார். மரத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. அது மேலோட்டமானதுதான், இரும்புப் பட்டை போட்டால் போதும் என்று மாலையில் கப்பல் தலைவர் எல்லாரையும் கூப்பிட்டு அறிவித்தார். ஆனாலும் பாய் விரித்து ஓட்டிப் பார்க்காமல் ஆப்பிரிக்காவுக்கு விட மாட்டார்கள். ஒரு நாள் ஓட்டத்துக்கு, வேலை செய்த ஆட்களும் கூட வரலாம் என்றார்.

மாசி மாதத்துக் காலை. அலை தணிந்திருந்தது. அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும் இயந்திரத்தை நிறுத்தினார்கள். திடீரென்று விழுந்த அந்த அமைதியில், தவமலரின் குரல் மட்டும் மலாயில் ஓங்கி ஒலித்தது. பயிற்சி பெறும் இளம் அதிகாரிகளோடு பிரதாப்பும் மேலே இருந்தான். கட்டவிழ்த்ததும் பாய் பொலபொலவென்று சரிந்து, ஒரு முறை உதறி, காற்றை வாங்கி உப்பியது. கப்பல் சாய்ந்தது. அவன் சுற்றிய கம்பி முறுக்கேறி, கட்டிய படிகள் அவன் காலடியில் இறுகின. மரம் முழுவதும் ஒரு பெருமூச்சுப்போலக் கிர்ரென்றது. எதுவும் அறுந்து வரவில்லை. கப்பல் சத்தமில்லாமல் ஓடியது.

தவமலர் ஏறி வந்து அவன் பக்கத்தில் நின்றாள். "அங்க பாருங்கண்ணே" என்று கரையின் பக்கம் கை நீட்டினாள். நகரத்துக்கும் மூட்டத்துக்கும் மேலே, வெகு தூரத்தில், நீலமாக ஒரு கூம்பு. "வரைபடத்துல போட்டிருக்கு. அந்தக் காலத்துல கப்பல்காரங்க எல்லாம் இத வெச்சுத்தான் இலங்கை வந்துருச்சுன்னு தெரிஞ்சுக்குவாங்களாம்."

"சிவனொளிபாதம்" என்றான் பிரதாப். ஊரில் மேல்மலைக்குக் கொழுந்து நிறுக்கப் போனால், எந்த நாளும் கண்ணில் படும் மலை. இந்தப் பக்கத்திலிருந்து அதை அவன் பார்த்ததே இல்லை. தெரிந்த ஆளின் முதுகைக் கூட்டத்தில் அடையாளம் கண்டதுபோல இருந்தது. அந்த மலைக்குப் பின்னால், இந்நேரம் பெரட்டு முடிந்து, ஜீவராணி மலைக்கு ஏறிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தான். அந்த நினைப்பில் சிரிப்பு வந்தது. காற்று கண்ணில் தண்ணீரையும் வரவழைத்தது.

பாயு செலாத்தான் இரண்டு நாள் கழித்து மேற்கே போனது. பிரதாப் போகவில்லை, அவனை யாரும் கூப்பிடவும் இல்லை, அவனும் அதை எதிர்பார்க்கவில்லை. அவனுக்குக் கிடைத்தது வேறு. காலித் துறைமுகத்திலும் திருகோணமலையிலும் வந்து தங்கும் பாய்மரப் படகுகளுக்கு மரவேலை, கயிற்றுவேலை செய்ய நிமல் ஒரு குழு அமைத்தார். ஏறும் ஆட்களுக்குப் பிரதாப்தான் பொறுப்பு. அவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: கொக்கி, கயிறு, இடுப்புவார் எல்லாவற்றையும் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் மதுரனாக இருக்க வேண்டும். இப்போது மதுரன் மாதத்தில் பாதி நாள் கடையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு, துறைமுகத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் பார்த்துச் சரி என்று சொல்லாமல் நிமலே ஏணியில் கால் வைக்க முடியாது. புதிய கொக்கிகளைக்கூடப் பிடிக்கவில்லை என்றால் கடலில் எறிந்துவிடுகிறான் என்று நிமல் முறைப்பட்டுக்கொள்கிறார்.

தவமலர் போகிற துறைமுகத்திலிருந்தெல்லாம் படம் அனுப்புகிறாள். சுலக்ஷனா அவற்றைப் பள்ளிக்கூட வரைபடத்தில் தேடிப் பொட்டு வைக்கிறாள். போன வாரம் வந்த செய்தி: தவமலரை மூன்று பாய்மரத்துக்கும் சேர்த்துத் தண்டலாக உயர்த்தியிருக்கிறார்கள், அம்மாவிடமும் உண்மையைச் சொல்லியாயிற்று, இரண்டு நாள் பேசவில்லையாம், மூன்றாம் நாள் படம் கேட்டாளாம். அடுத்த வருடம் தையில் கப்பல் மறுபடி கொழும்புக்கு வருகிறது.

பிரதாப் அதை வாசித்துக் காட்டியபோது ஜீவராணி கொழுந்துக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாக்க வர்றவங்கள மேல ஏத்துவாங்களா?" என்றாள்.

"யாரு ஏறப் போறது?"

"நான்தான். உச்சிக்கு இல்ல, மொத தட்டு வரைக்கும்."

"சேலையோட முடியாது."

"சுடிதார் இருக்கு" என்றாள் ஜீவராணி, கூடையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே. "தவமலருக்கு எழுதுங்க. நான் வர்றேன்னு சொல்லுங்க."